தாமரையா, சிலம்பா? ஒரு தேவியின் இடக்கை

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 33ஆம் அறையைச் சீனாவும் தெற்காசியாவும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த நீண்ட கூடத்தில் இலங்கையிலிருந்து போன ஒரு தேவி நிற்கிறாள். உயரம் 143 சென்டிமீட்டர். வெண்கலத்தில் வார்த்துப் பொன் பூசியிருக்கிறார்கள். இடுப்புக்கு மேலே ஆடை இல்லை. கீழே கணுக்கால் வரை மெல்லிய துணி உடலோடு ஒட்டிக் கிடக்கிறது. இடை நன்றாக ஒடுங்கி, இடுப்பு இலேசாக ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது. கூந்தலும் மகுடமுமாகத் தலைக்கு மேல் உயரமாக எழுந்து நிற்கிறது. வலக்கை கீழே இறங்கி உள்ளங்கையை நமக்குக் காட்டுகிறது. இடக்கை முழங்கையில் மடங்கி மேலே வந்து, எதையோ பிடிப்பதற்காக விரல்களைக் கூட்டி வைத்திருக்கிறது. விரல்களுக்கு நடுவே ஒன்றும் இல்லை.

மகுடத்தின் முன்பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. அதுவும் காலி.

இவள் யார் என்ற வழக்கு பெரும்பாலும் இந்த இரண்டு வெற்றிடங்களை வைத்தே நடந்து வந்திருக்கிறது. இன்று இவளுக்கு மியூசியம் சொல்லும் பெயர் தாரா. மகாயான பௌத்தத்தின் பெண் போதிசத்துவர், அதாவது பிற உயிர்களின் துயர் தீர்க்க உறுதிபூண்ட, புத்த நிலையை நாடுகிற தெய்வ உருவம். ஆனால் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த எழுத்துகளைப் புரட்டினால் இதே சிலைக்குக் கீழே 'பத்தினி தேவி' என்று இருக்கும். பத்தினி என்றால் நம் கண்ணகிதான். இடக்கையில் இருந்து தவறிப்போனது தாமரை என்றால் ஒரு பெயர்; சிலம்பு என்றால் இன்னொரு பெயர். ஒரு சாண் அளவுகூட இல்லாத ஒரு பொருள் தெய்வத்தின் மதத்தையே மாற்றிவிடக்கூடும் என்பது படிமக்கலையின் வேடிக்கைகளில் ஒன்று.

முதலில் சிலை வந்த வழி. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கிடைத்தது என்பது பதிவு. 1812 முதல் 1820 வரை இலங்கையின் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் இதைத் தன்வசம் வைத்திருந்து 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்தார். கண்டி ராஜ்யத்தை 1815இல் பிரிட்டிஷார் கைப்பற்றியது இவருடைய ஆட்சியில்தான். ஆகவே சிலை கண்டி அரசரிடமிருந்து பறித்ததாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வந்த விதம் எதுவானாலும், சிலை தனியாக வந்தது. முறையாக அகழ்ந்தெடுத்த சிலைக்கு அது கிடந்த மண்ணடுக்கும் பக்கத்தில் கிடந்த செங்கல்லும் சாட்சி சொல்லும். பீடத்தில் எழுத்து இருந்தால் இன்னும் நல்லது. இவளுக்கு அந்தச் சாட்சிகள் எதுவும் துணைக்கு வரவில்லை. உடம்பை மட்டுமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தினி என்று சொன்னவர்களை நான் எளிதில் குறை சொல்லமாட்டேன். சிலை கிடைத்ததாகச் சொல்லப்படும் அந்தக் கரை முழுக்கக் கண்ணகியின் ஊர்கள். மட்டக்களப்புப் பக்கம் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசி மாதம் கதவு திறந்து, 'கண்ணகி வழக்குரை' பாடி, கடைசியில் குளிர்த்திச் சடங்கோடு முடிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூட்டைத் தணிப்பதற்காக அந்தக் குளிர்த்தி. சிங்களவர்களுக்கு இவளே பத்தினி தெய்யோ. அம்மை நோயையும் வறட்சியையும் விலக்குகிறவள். சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையிலும் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்' வந்திருந்தான் என்று வருகிறது. கிழக்கிலங்கையில் அழகான, இரண்டு கை கொண்ட, தனித்து நிற்கும் ஒரு பெண் தெய்வம் கிடைத்தால், உள்ளூர்க்காரர் வாயில் முதலில் வரும் பெயர் எதுவாக இருந்திருக்கும்? அந்தப் பெயர் வெள்ளைக்கார அதிகாரிகளின் குறிப்பேட்டில் ஏறுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

கண்ணகிக்கு எதிராக உடனே ஒரு வாதம் தோன்றும். 'இடமுலை கையால் திருகி' எறிந்தவள் அவள். இந்தச் சிலைக்கு இரண்டு மார்பும் முழுமையாக இருக்கின்றனவே? கேட்க நன்றாக இருந்தாலும் இந்த வாதம் நிற்காது. காப்பியத்தில் நடந்ததைச் சிற்பி அப்படியே சிலையில் காட்ட வேண்டும் என்று விதி இல்லை. வழிபாட்டுக்குரிய பத்தினி உருவங்கள் ஊனமில்லாத முழு உடலோடுதான் பெரும்பாலும் செய்யப்பட்டிருக்கின்றன. கோபம் தணிந்து வரம் கொடுக்கிற நிலையில்தான் தெய்வத்தைக் கருவறையில் வைப்பார்கள். கதையை வைத்துச் சிலையைப் படிப்பதில் உள்ள ஆபத்துக்கு இது சின்ன உதாரணம்.

காலம்தான் உண்மையில் இடிக்கிறது. சிலையின் வேலைப்பாட்டைக் கொண்டு அதை 7, 8ஆம் நூற்றாண்டுகளில் வைக்கிறார்கள். கயவாகு கதை பழையதாக இருந்தாலும், பத்தினி வழிபாட்டைப் பற்றிய சிங்கள இலக்கியச் சான்றுகள் செழிப்பது கோட்டே காலத்தில், அதாவது 15ஆம் நூற்றாண்டில். இடையில் ஏழு நூற்றாண்டு. சிலை பிறந்த நாட்களில் அந்தக் கரையில் செல்வாக்காக இருந்த தெய்வங்கள் வேறு.

திருகோணமலைக்கு வடக்கே திரியாய் என்ற ஊரில் ஒரு குன்று இருக்கிறது. அதன் பாறையில் சமஸ்கிருத மொழியில், பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு கல்வெட்டு. ஏறத்தாழ நம் சிலையின் காலம்தான். கிரிகண்டி சைத்தியம் என்ற பௌத்தத் தலத்தைப் போற்றும் அந்தக் கல்வெட்டு வணிகர்களைப் பேசுகிறது, கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரையும் பேசுகிறது. காஞ்சிப் பல்லவர்களுக்கும் இலங்கைக்கும் அப்போது நெருக்கமான போக்குவரத்து இருந்தது. பல்லவ அரண்மனையில் அடைக்கலமாக இருந்த மானவம்மன், நரசிம்மவர்மனின் படையுதவியோடு 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அனுராதபுர அரியணையைப் பிடித்தான். அனுராதபுரத்தில் அபயகிரி விகாரை மகாயானக் கருத்துகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. கப்பல், வணிகர், மகாயானம் என்ற இந்த வட்டத்துக்குள் தாரா கச்சிதமாகப் பொருந்துகிறாள்.

தாரா என்ற பெயருக்கே 'கடத்துவிப்பவள்' என்று பொருள் சொல்வார்கள், அக்கரை சேர்ப்பவள். உலகத்தின் துயரைப் பார்த்து அவலோகிதேசுவரர் சிந்திய கண்ணீரிலிருந்து பிறந்தவள் என்பது மரபுக் கதை. எட்டுப் பெரும் பயங்களிலிருந்து காப்பாற்றுகிறவள்: யானை, சிங்கம், பாம்பு, தீ, கள்வர் என்று போகும் அந்தப் பட்டியலில் கடலும் கப்பல் கவிழ்வதும் உண்டு. ஒடிசாவின் ரத்னகிரியில் இந்த எட்டுப் பயங்களையும் சுற்றிலும் செதுக்கி நடுவில் தாராவை நிறுத்திய கற்பலகை இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் மணிமேகலா தெய்வம் நினைவுக்கு வராமல் இருக்காது. கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து காப்பாற்றியவள் அவள். அந்த நன்றிக்குத்தான் மாதவியின் மகளுக்கு அப்பெயர் வைத்தார்கள். இருவரும் ஒரே தெய்வம் என்று நான் சொல்ல வரவில்லை. வங்கக் கடலில் உயிரைப் பணயம் வைத்து ஓடியவர்களுக்குப் பெண் உருவில் ஒரு காவல் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் சூழ்நிலைச் சான்று. சிலையின் உடம்பில் உள்ள சான்று மகுடத்தின் குழி.

மகாயானத்தில் ஒவ்வொரு போதிசத்துவருக்கும் ஒரு குலம் உண்டு. அந்தக் குலத்துக்கு ஒரு புத்தர் தலைவர். அவலோகிதேசுவரர் அமிதாப புத்தரின் குலம். எந்தக் குலம் என்று காட்டுவதற்காகச் சடையிலோ மகுடத்திலோ ஒரு குட்டிப் புத்தரை அமர்த்துவது வழக்கம். இலங்கையின் தென்கரையில் வெலிகமவில் குஷ்டராஜகல என்ற பாறைச் சிற்பத்தின் மகுடத்தில் தியானப் புத்தர்கள் அமர்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். கல்லில் செதுக்கியது ஆகையால் யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. நம் தேவியின் மகுடக் குழியிலும் அப்படி ஒரு சின்னப் புத்தர் அமர்ந்திருந்திருக்கலாம். அல்லது ஒரு பெரிய ரத்தினக் கல் பதித்திருக்கலாம். புத்தர் என்றால் வழக்கு முடிந்தது: பத்தினிக்குத் தலையில் புத்தர் தேவையில்லை. கல் என்றால் முடியவில்லை. கல் யார் தலையிலும் இருக்கும். மியூசியத்தின் தீர்ப்பு தாரா பக்கம் சாய்வதற்கு இந்தக் குழியோடு வலக்கையின் வரத முத்திரையும் (வரம் கொடுக்கிற கை), காலமும், இடமும் சேர்ந்துகொள்கின்றன. தனியாக ஒவ்வொன்றும் பலவீனம். சேர்ந்தால் மறுப்பது கடினம். நானும் அந்தப் பக்கம்தான்.

இனி அந்த இடக்கை. எனக்கு இந்தச் சிலையிலேயே மிகச் சுவையான பகுதி இதுதான்.

சிற்ப மரபில் தெய்வத்தின் கையில் இருக்கும் எதையும் ஆயுதம் என்று சொல்வார்கள். தாமரையும் ஆயுதம், ஜபமாலையும் ஆயுதம், கிளியும் ஆயுதம். கை காலியாக இருந்தால் 'ஆயுதம் போய்விட்டது' என்றுதான் நம் வாய் தானாகச் சொல்லும். ஆனால் காலியான கையும் பறிகொடுத்த கையும் ஒன்றாகிவிடாது.

தமிழ்நாட்டுச் சிவன் கோயில் எதிலாவது நிற்கும் அம்மன் செப்புத்திருமேனியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை தொடையோரம் தளர்ந்து தொங்கும். இன்னொரு கை முழங்கையில் மடங்கி, கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரு வளையம்போல் கூடி நிற்கும். கடக முத்திரை. மியூசியக் கண்ணாடிக்குள் இருக்கும்போது அந்த வளையம் வெறுமையாக இருக்கிறது. பார்க்கிறவர் பூ உடைந்துவிட்டது என்று நினைக்கிறார். கோயிலில் சாயரட்சைக்கு முன்பு போய்ப் பாருங்கள். அபிஷேகம் முடிந்து, துணியால் ஒற்றி, சேலை சாத்தி, கடைசியில் அர்ச்சகர் தட்டிலிருந்து ஒரு தாமரை மொட்டையோ செங்கழுநீரையோ எடுத்து, காம்பைக் கிள்ளி அளவு பார்த்து, அந்த விரல் வளையத்துக்குள் மேலிருந்து மெல்லச் செருகுவார். காம்பு பருத்திருந்தால் இறங்காது. இன்னும் கொஞ்சம் சீவுவார். பூ நின்றதும் அந்தக் கைக்கு அர்த்தம் வந்துவிடும். மறுநாள் காலையில் வாடிய பூ நிர்மால்யத்தோடு போய்விடும், கை மறுபடி காலி. ஆயிரம் வருஷமாக நிறைந்தும் ஒழிந்தும் வருகிற கை அது. ஸ்தபதி அங்கே உலோகப் பூவை வார்க்காமல் விட்டது மறதியால் நேர்ந்ததில்லை. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் வந்து அதை நிரப்ப வேண்டும் என்று விட்டிருக்கிறார்.

நம் தாராவின் இடக்கையும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் அதிலிருந்து எதுவும் 'தொலையவில்லை'. பூக் கொண்டுவருகிறவர்கள் நின்றுவிட்டார்கள்.

இரண்டாவது சாத்தியம், தனியாக வார்த்த உலோகத் தாமரை. தாராவுக்குரியது நீலோற்பலம், கையில் பிடித்த நாளம் முன்கை ஓரமாக மேலேறித் தோள் அருகே பூவாக விரிவதுதான் கல்லிலும் வெண்கலத்திலும் பரவலாகக் காணும் அமைப்பு. இப்படி ஒன்று இருந்து உடைந்திருந்தால் அது தடம் விடாமல் போகாது. விரல்களுக்கு நடுவே துளை, தோளிலோ மேற்கையிலோ ஒட்டிய தழும்பு, அந்த இடத்தில் மட்டும் பொன் பூச்சு ஏறாத திட்டு என்று ஏதாவது ஒன்று இருக்கும். உலோகச் சிலையைப் பார்க்கிறவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இவற்றைத்தான் தேட வேண்டும். செருகி எடுக்கக்கூடிய மொட்டு மட்டும் என்றால் தடம் விரல்களோடு நின்றுவிடும்.

மூன்றாவது சாத்தியத்தைப் பலரும் பேசுவதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கூடி மற்ற விரல்கள் நிமிர்ந்தால் அது விதர்க்க முத்திரை. உபதேசம் செய்கிற கை. புத்தர் உருவங்களில் எத்தனையோ இடத்தில் உண்டு. தாராவும் போதிக்கிறவள்தான். ஒரு கை கொடுக்க, மறு கை விளக்க, எந்தப் பொருளும் வேண்டாம் என்று சிற்பி நினைத்திருந்தால்? கடகத்துக்கும் விதர்க்கத்துக்கும் உள்ள வித்தியாசம் விரல்கள் எவ்வளவு வளைகின்றன, உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் இருக்கிறது; அரை அங்குல விவகாரம். தாமரை என்ற முடிவோடு போகிறவர் கண்ணுக்கு அந்த அரை அங்குலம் தெரியாது. சிலம்பு என்ற முடிவோடு போனவர்களுக்கும் தெரியவில்லை.

இருந்தும் நான் தாமரையை விடத் தயாராக இல்லை. பிரிட்டிஷ் மியூசியமும் தாமரையாக இருந்திருக்கலாம் என்றே சொல்கிறது. சிலம்பு என்பதற்கு எதிரான கைரேகை ஒன்று இருக்கிறது: சிலம்பு கனமான வளையம். அதைத் தாங்குகிற கை அதைக் கோத்துப் பிடிக்கும், அல்லது உள்ளங்கையில் ஏந்திக் காட்டும். விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிக்காது. பாண்டியன் அவையில் சிலம்பை உடைக்க வந்தவளின் கை பூப் பறிக்கிற கையைப் போல இருந்தால் நம்ப முடியுமா?

உடலின் நிலை போன பொருளைக் காட்டிக் கொடுக்கும் என்பதற்குத் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் ஒரு பிரமாதமான சாட்சி இருக்கிறது. திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவர், 1011ஆம் ஆண்டு. சிவபெருமான் ஒரு காலைத் தளர்த்தி மறு காலுக்குக் குறுக்கே வைத்து, ஒரு கையை மடக்கி, எதன்மேலோ சாய்ந்து சுகமாக நிற்கிறார். அந்த 'எதுவோ' இல்லை. கை காற்றில் ஊன்றியிருக்கிறது. ஆனாலும் அங்கே காளை நின்றது என்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்; சாய்வின் கோணத்திலேயே காளையின் உயரம் தெரிகிறது. கோயில் கல்வெட்டும் அதையே சொல்கிறது. காளை போய்ச் சாய்வு மட்டும் மிச்சம். நிலையைப் படிப்பது என்றால் இதுதான்.

எழுத்தும் பொருளும் கிடைத்தால்கூட வழக்கு முடிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. கைகளே இல்லாத மைலோ வீனஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1820இல் கிரேக்கத் தீவான மீலோஸில் அந்தச் சிலை கிடைத்தபோது பக்கத்திலேயே ஆப்பிளைப் பிடித்த ஒரு பளிங்குக் கையும் கிடைத்தது. மீலோஸ் என்ற ஊர்ப் பெயரே கிரேக்கத்தில் ஆப்பிளை நினைவூட்டுவது. இதைவிட நல்ல சான்று யாருக்குக் கிடைக்கும்? ஆனால் அந்தக் கையின் வேலைப்பாடு உடம்பைவிடக் கரடுமுரடு என்று சொல்லி, பின்னால் ஒட்டியதாக இருக்கும் என்று பலர் ஒதுக்கினார்கள். ஆப்பிள், கேடயம், போர்க் கடவுளின் தோள், நூல் நூற்கும் தக்களி என்று இன்றுவரை அவள் கையில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கையைத் தொலைத்தவளுக்குத்தான் எத்தனை கொடைகள்.

கையில் உள்ள பொருளைத் தேடுகிற அவசரத்தில், அதைவிடப் பெரிய ஒன்று காணாமல் போயிருப்பதை மறந்துவிடுகிறோம். பக்கத்தில் நின்றவர் எங்கே?

தாராவின் இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். நிலை பற்றிய மரபு எளிமையானது. மூலவர் நேராக நிற்பார் அல்லது அமர்வார், சமபங்கம். பக்கத்தில் நிற்கிறவர்கள் வளைவார்கள். வளைவு அழகுக்கு மட்டும் இல்லை. நடுவில் ஒருவர் இருக்கிறார் என்று கண்ணை அந்தப் பக்கம் தள்ளிவிடும் வேலையும் அதற்கு உண்டு. இலங்கையின் தென்கிழக்கில் வெல்லவாயவுக்கு அருகே புதுருவகலவில் ஒரு பாறை முகம் முழுக்க ஏழு உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஏறத்தாழ 51 அடி உயரத்தில் புத்தர், நிமிர்ந்து நிற்கிறார். ஒரு பக்கக் குழுவின் நடுவில் அவலோகிதேசுவரர். அந்தக் குழுவில் உள்ள ஒரே பெண் உருவம் மூன்று இடத்தில் வளைந்து, திரிபங்கமாக நிற்கிறாள். அவளைத் தாரா என்றே அடையாளம் காண்கிறார்கள். அங்கே யாரும் அவளைத் தனியாகப் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, பாறை விடாது.

மியூசியத்து தாராவும் ஒரு அவலோகிதேசுவரருக்குப் பக்கத்தில் நின்றவளாக இருக்கலாம். இவளே இந்த உயரம் என்றால் அவர் எவ்வளவு உயரம் இருந்திருப்பார்? இவள் உள்ளே பொள்ளல் விடாமல் கனமாக வார்த்தவள். மெழுகில் முழு உருவத்தைச் செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வடித்துவிட்டு, அந்தக் காலி இடத்தில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவது. நம் ஸ்தபதிகள் இன்றும் செய்கிற வேலைதான். ஆனால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு உருவத்தை இப்படி வார்க்க உலோகம் மலையாக வேண்டும், ஊற்றும்போது கை நடுங்கக் கூடாது, உலோகம் நடுவில் குளிர்ந்தால் எல்லாம் வீண். அவ்வளவு வெண்கலத்தைத் தேவியருக்கே கொட்டிய விகாரையில் இவளைவிட முக்கியமான உருவங்கள் இருந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. அவையெல்லாம் உருகி வேறு எதுவாகவோ மாறியிருக்கலாம். வெண்கலத்தின் விதியே அதுதான். கல் உடையும், வெண்கலம் பாத்திரமாகும்.

இவ்வளவு நேரம் சிலையைப் படித்தோம். சிலையைப் பார்த்தவர்களையும் கொஞ்சம் படித்துவிடலாம். லண்டன் போய்ச் சேர்ந்த இந்தத் தேவியைச் சுமார் முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் கிடங்கில் வைத்திருந்தார்கள்; அறிஞர்கள் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். காரணம் திறந்த மார்பு. கிரேக்க வீனஸ்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்த அதே கட்டடத்தில்! பளிங்கு நிர்வாணம் கலை, பொன் பூசிய வெண்கல நிர்வாணம் காமம் என்று அந்தக் காலத்துக் கனவான்களுக்குத் தோன்றியிருக்கிறது. மெலிந்த இடையும் நிறைந்த மார்பும் தாய்மையையும் கருணையையும் சொல்கிற குறிகள் என்பதும், 8ஆம் நூற்றாண்டு இலங்கையில் மேலாடை இல்லாதது யார் கண்ணையும் உறுத்தியிருக்காது என்பதும் அவர்கள் கணக்கில் வரவில்லை. சிலையின் முன் கைகூப்பி நின்றவர்கள் அந்த இறங்கிய வலக்கையைத்தான் பார்த்திருப்பார்கள். கேட்க வந்தவர்களுக்கு, கொடுக்கிற கைதான் முதலில் தெரியும்.

நாமும் பெரிய யோக்கியர்கள் இல்லை. சிகிரியக் குன்றில் 5ஆம் நூற்றாண்டு ஓவியப் பெண்கள் கையில் பூவோடு மேகத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். காசியப்ப மன்னனின் அந்தப்புரப் பெண்கள், அப்சரசுகள், மின்னலும் மேகமும் உருவெடுத்தவர்கள் என்று பல விளக்கங்கள். இலங்கைத் தொல்லியல் துறையின் முன்னாள் ஆணையர் ராஜா டி சில்வா, அவர்கள் அத்தனை பேரும் தாராவே என்று வாதிட்டார். அவர் முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அங்கே கைகள் காலியாக இல்லை, பூக்கள் அப்படியே பளிச்சென்று இருக்கின்றன. அப்படி இருந்தும் ஒத்த கருத்து வரவில்லை. இடக்கைத் தாமரை நாளைக்கே கிழக்குக் கரை மணலில் கிடைத்தாலும் மியூசியத்து வழக்கு முற்றிலும் ஓய்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இந்தச் சிலையின் நகல் ஒன்று இருக்கிறது. மூலத்தை உள்ளது உள்ளபடி எடுத்த நகல். மகுடத்தில் குழி இருக்கிறது. இடக்கை விரல்கள் கூடி இருக்கின்றன. நடுவே ஒன்றும் இல்லை. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் வெளியே போய் ஒரு தாமரை மொட்டு வாங்கிவந்து காம்பைக் கிள்ளிச் செருகிப் பார்க்கலாமா என்றிருக்கும். காவலாளி விடமாட்டார்.